சைலன்ஸர் பூட்டிய றைபிளுக்கு எத்தனை அங்குலக் குழல்? கொக்குவிலில் போட்ட ஒரு கணக்கு

என் அக்காவின் மகன் நோர்வேயில், துரொண்ட்ஹைம் நகரத்துக்கு அப்பால் காட்டோரமாகக் குடியிருக்கிறான். அந்த நாட்டு முறைப்படி வேட்டைப் பரீட்சை எழுதி, அனுமதி எடுத்து, எல்க் வேட்டைக் குழு ஒன்றில் சேர்ந்திருக்கிறான். எல்க் என்பது நம் வன்னி மரையைவிட மிகப் பெரிய மான் இனம். அவனிடம் இருப்பது .308 வின்செஸ்டர் ரவை பாவிக்கும் போல்ட் றைபிள். குழல் 24 அங்குலம், அதாவது 61 சென்ரிமீற்றர். முனையில் சைலன்ஸர் பூட்டினால் முழு நீளம் 129 சென்ரிமீற்றருக்கு வந்துவிடுகிறது. ஸ்புரூஸ் மரக் கிளைகளுக்குள் இதைத் தூக்கிக்கொண்டு திரும்ப முடியவில்லை என்பது அவனுடைய முறைப்பாடு. குழலை வெட்டலாமா, வெட்டுவதென்றால் 20 அங்குலமா 16 அங்குலமா என்பது கேள்வி.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்றபோது அந்தக் கேள்வியை என்னிடம் தந்தான். நான் துவக்குப் பிடித்து அறியாதவன். பௌதிகவியல் படிப்பித்தவன், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் இது வெறும் காகிதக் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் இன்றும் 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழியில்தான் துவக்கு அனுமதி நடக்கிறது. இதை வாசித்துவிட்டு யாரும் ஸ்ரான்லி வீதி லேத் பட்டறைக்கு இரும்புக் குழலோடு போகவேண்டாம். நோர்வேயில் வேட்டைக்குச் சைலன்ஸர் பாவிப்பது சட்டப்படி சரி, சாதாரணமும்கூட. அங்கே அதைக் காதுப் பாதுகாப்புச் சாமானாகப் பார்க்கிறார்கள்.

"மாமா, 16 அங்குலமெண்டால் காட்டுக்குள்ள கொண்டு திரிய நல்ல வசதி. வேகம் குறைஞ்சிடுமெண்டுதான் பயமாக் கிடக்கு."

"எவ்வளவு குறையுமெண்டு பாத்தனியா?"

"எல்லாரும் நிறையக் குறையுமெண்டு சொல்லுறாங்கள்."

இந்த "நிறைய" என்பதற்கு ஒரு எண் வேண்டும். அங்கிருந்துதான் தொடங்கினோம்.

வேகம்: பயந்த அளவுக்கு இல்லை

.308 ரவை 1952இல் சந்தைக்கு வந்தது. நடுத்தர அளவுப் பித்தளைக் கூடு, 7.62 மில்லிமீற்றர் குழல். கூட்டுக்குள் இருக்கும் வெடிமருந்து, குழலின் குறுக்களவோடு ஒப்பிட்டால் அதிகமில்லை. அதனால் பெரும்பகுதி முதல் ஓர் அடிக்குள்ளேயே எரிந்து முடிகிறது. அதற்கு மேலுள்ள குழல் நீளம் விரியும் வாயுவிடமிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளலைப் பெற்றுத் தருகிறது, அவ்வளவே. 16 அங்குலத்துக்கும் 24க்கும் இடையில் ஓர் அங்குலத்துக்குச் செக்கனுக்கு 6 முதல் 8 மீற்றர் வேகம் கூடிக் குறையும் என்பது இந்த ரவைக்குப் பொதுவாகப் பொருந்தும் அளவு. நாங்கள் 7 என்று எடுத்தோம்.

165 கிறெயின், அதாவது 10.7 கிராம் சன்னத்துக்கு (ரவையிலிருந்து வெளியே பறக்கும் துண்டு) பெட்டியில் எழுதியிருக்கும் வழமையான வேகம் செக்கனுக்கு 823 மீற்றர். அது 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்த எண். 20 அங்குலத்தில் அது 795 ஆகும். 16இல் 767. குழலில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எறிந்தாலும் வேகத்தில் போவது 7 சதவீதம்தான். 100 மீற்றரில் சரிபார்த்து வைத்த துவக்கில், 200 மீற்றரில் சன்னம் விழும் உயரம் 24க்கும் 20க்கும் இடையில் ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேல் மாறாது. அவனுடைய காட்டில் 100 மீற்றருக்கு அப்பால் விலங்கைத் தெளிவாகக் காண்பதே அபூர்வம்.

எல்லா ரவைக்கும் இது பொருந்தாது. சிறிய குழலுக்குள் நிறைய மருந்தைத் திணிக்கும் மக்னம் வகைகள் ஒவ்வொரு அங்குலத்துக்கும் இதைவிடக் கூடுதலாக இழக்கும். மறுபக்கம் .300 பிளக்அவுட் போன்றவை குட்டைக் குழலுக்கென்றே பிறந்தவை. அவற்றில் வேகமாக எரியும் மருந்து கொஞ்சம்தான் இருக்கும், 9 அல்லது 10 அங்குலத்திலேயே வேலை முடிந்துவிடும். ஆக, "சைலன்ஸர் துவக்குக்கு இத்தனை அங்குலம்" என்று பொதுவாகச் சொல்லுகிறவர் எந்த ரவை என்று முதலில் கேட்கவில்லையென்றால், அவர் சொல்லுவதைக் காதில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை.

சட்டம் போட்ட முடிச்சு

எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். எல்க் வேட்டைக்கு நோர்வேயின் விதி இரண்டு வாசல் வைத்திருக்கிறது. சன்னம் 9 முதல் 10 கிராம் வரை என்றால் 100 மீற்றரில் அதன் சக்தி குறைந்தது 2700 யூல் இருக்கவேண்டும். 10 கிராமைத் தாண்டினால் 2200 யூல் போதும். பாரமான சன்னம் ஆழமாகப் போகும், அதனால் சக்தியில் சலுகை கொடுத்திருக்கிறார்கள் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

மருமகன் வழமையாக வாங்குவது 150 கிறெயின் ரவை, 9.7 கிராம். பெட்டி எண் செக்கனுக்கு 860 மீற்றர். பாரம் குறைந்ததால் வேகம் கூட. குட்டைக் குழலில் இழக்கும் வேகத்தை இது ஈடுகட்டும் என்று நினைத்திருந்தான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தோம். நல்ல கூர்முனைச் சன்னம் 100 மீற்றர் போவதற்குள் வேகத்தில் 8 முதல் 9 சதவீதத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். மிச்ச வேகத்தின் வர்க்கத்தைத் திணிவால் பெருக்கி இரண்டால் வகுத்தால், 24 அங்குலத்தில் ஏறத்தாழ 3000 யூல், 20இல் 2790, 16இல் 2600.

2600 என்பது 2700க்குக் கீழே. அவன் ஆசைப்பட்ட 16 அங்குலக் குழலில், அவன் வழமையாகப் போடும் ரவை எல்க்குக்கான கோட்டைத் தாண்டவில்லை.

இப்போது அதே 16 அங்குலத்தில் 10.7 கிராம் சன்னத்தைப் பாருங்கள்: 100 மீற்றரில் ஏறத்தாழ 2640 யூல். சக்தி கிட்டத்தட்ட அதேதான், 40 யூல் வித்தியாசம். ஆனால் இதற்கு வேண்டியது 2200 மட்டும். ஒன்று விழுந்துவிட்டது, மற்றது 400 யூலுக்கு மேல் மிச்சம் வைத்துக்கொண்டு நிற்கிறது. குழலை நீட்டித் தீர்க்கப்பார்த்த பிரச்சினை ரவைப் பெட்டியை மாற்றுவதோடு தீர்ந்துவிட்டது. குழல் நீளத்தைப் பற்றி மணிக்கணக்காக வாதாடுகிறவர்கள் பலர், எந்தச் சன்னத்தை வைத்து வாதாடுகிறோம் என்பதைச் சொல்லுவதே இல்லை.

20 அங்குலத்தில் 150 கிறெயின் 2790 யூல் என்று வருகிறதே, அது தாண்டிவிட்டதுதானே என்று மருமகன் கேட்டான். தாண்டியது 90 யூலால். வேகமாகச் சொன்னால், 100 மீற்றர் கோட்டில் செக்கனுக்கு 12 மீற்றர் இடைவெளி. எங்கள் மதிப்பீட்டில் ஓர் அங்குலத்துக்கு 7 என்பது உண்மையில் 8 ஆக இருந்தாலே அதில் 4 போய்விடும். ஒக்ரோபர் குளிரில் மருந்து சற்று மந்தமாக எரியும், குளிர்காற்று அடர்த்தியும் கூட. மழுங்கல் முனைச் சன்னமென்றால் காற்றில் இழப்பது இன்னும் அதிகம். சட்டத்தை விட்டுவிடுவோம், ஓர் உயிரைச் சுடுவதென்றால் அது துடிக்காமல் விழவேண்டும். அந்த இடத்தில் இவ்வளவு மெல்லிய இடைவெளியை நம்பக்கூடாது என்பது என் அபிப்பிராயம். அவன் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே வருடக்கணக்காக இதே ரவையால் வேட்டையாடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றான். அவர்களுடைய குழல் நீளம் என்ன என்று கேட்டேன். தெரியாது என்றான்.

வேகத்தைவிடப் பெரிய விஷயம்

16 அங்குலத்தை நான் மறித்ததற்கு உண்மையான காரணம் சக்தி அல்ல. 165 கிறெயின் ரவையில் அது சட்டப்படி சரிதான். காரணம், குழல் வாயில் மிச்சம் நிற்கும் அமுக்கம்.

சன்னம் வெளியேறும் கணத்தில் அதன் பின்னால் இருக்கும் வாயு பெரிய அமுக்கத்தோடு வெளியே பாய்கிறது. வெடிச்சத்தத்தின் பெரும்பங்கு அதுதான். சைலன்ஸர் செய்வதெல்லாம் அந்த வாயுவை அடுத்தடுத்த தடுப்பு அறைகளுக்குள் விட்டு, விரியவைத்து, சூட்டைக் குறைத்து, பிறகு வெளியே போகவிடுவது. குலுக்கிய சோடாப் போத்தலைப் படாரென்று திறப்பதற்கும் மூடியை மெல்லத் திருகி விடுவதற்கும் உள்ள வித்தியாசம். இதற்கு 1909இல் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம், இயந்திரத் துப்பாக்கி செய்த மாக்சிமின் மகன். மோட்டார் வாகனங்களின் புகைபோக்கிச் சத்தத்தைக் குறைப்பதிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. மோட்டார் சைக்கிளின் சைலன்ஸரும் இதுவும் ஒரே குடும்பம்.

குழல் குட்டையாக ஆக, வாயு விரிவதற்குக் கிடைக்கும் இடம் குறையும். வெளியேறும்போது மிச்ச அமுக்கம் கூடும். எவ்வளவு கூடும் என்பதற்கு உயர்தர வகுப்புக் கணக்கே போதும். கூட்டின் கனவளவையும் குழலின் கனவளவையும் சேர்த்தால், சன்னம் வாயை விடும் நேரத்தில் வாயு நிரப்பும் இடம் 24 அங்குலத்தில் ஏறத்தாழ 30 கன சென்ரிமீற்றர், 20இல் 25, 16இல் 20. வெப்பத்தைக் கொடுக்கவும் வாங்கவும் நேரமில்லாமல் வாயு விரிகிறது என்று வைத்து, அந்த விரிவுச் சமன்பாட்டின் அடுக்கை 1.25 என்று எடுத்தால், 24ஐவிட 20இல் வாய் அமுக்கம் கால்வாசி கூடுகிறது. 16இல் 1.6 மடங்கையே தாண்டிவிடுகிறது. துல்லியமான எண் மருந்துக்கு மருந்து மாறும், போக்கு மாறாது. முதல் நான்கு அங்குலம் மலிவாகப் போகிறது, அடுத்த நான்குக்கு விலை அதிகம்.

இதைத் தாங்கவேண்டியது சைலன்ஸரின் முதல் தடுப்பு. சூடும் எரியாத துகளும் அதைத்தான் முதலில் அரிக்கும். ஒவ்வொரு ரவைக்கும் குறைந்தபட்சக் குழல் நீளம் இவ்வளவு என்று தயாரிப்பாளர்கள் எழுதிக் கொடுப்பது இதனால்தான். அந்தத் தாளைப் பார்க்காமல் குழலை வெட்டுவது தலைகீழ் வேலை.

பிறகு காது. சைலன்ஸர் இல்லாத .308 குழல் வாயில் 165 முதல் 170 டெசிபல் வரை போகும். நல்ல சைலன்ஸர் 25 முதல் 30 டெசிபல் குறைக்கும். மிச்சம் 135 முதல் 145 வரை. திடீர் வெடிச்சத்தத்துக்குக் காது தாங்கும் எல்லையென்று வழமையாகச் சொல்லப்படுவது 140. ஆக, சைலன்ஸர் பூட்டிய .308 அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத்தான் நிற்கிறது. குழலைக் குட்டையாக்கி வாய் அமுக்கத்தைக் கூட்டினால் அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறோம். சைலன்ஸர் வாங்கியதே இந்தக் காரணத்துக்கு, அதைக் கெடுக்கும் நீளத்தை எதற்குத் தேர்ந்தெடுப்பது? மருமகனுக்குக் காதில் மாட்ட இலத்திரனியல் கவசம் இருக்கிறது. கூட வரும் எல்க்ஹவுண்ட் நாய்க்கு ஒன்றுமில்லை. இதைச் சொன்னதும்தான் அவன் 16ஐ விட்டான் என்று நினைக்கிறேன். யூல் கணக்கெல்லாம் அவனை அவ்வளவு அசைக்கவில்லை.

சினிமாவில் வருவதுபோல "புஸ்" என்று சுடுவது இந்த வகை ரவையில் நடக்காது. ஒலியின் வேகம் யாழ்ப்பாணத்து 30 பாகை வெயிலில் செக்கனுக்கு 349 மீற்றர், மறை 5 பாகைக் குளிரில் 328. சன்னம் அதன் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. போகும் வழியெல்லாம் காற்றைக் கிழித்து எழுப்பும் வெடிப்பொலியை எந்தச் சைலன்ஸரும் தொடமுடியாது. எங்கள் வயதுக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. முதலில் தலைக்கு மேல் சாட்டை வீசியதுபோல ஒன்று, பிறகு தூரத்தில் "டும்" என்று ஒன்று. இரண்டுக்கும் நடுவிலுள்ள நேரத்தை வைத்துத் தூரத்தை மட்டுப்பிடித்த ஊர் இது. 300 மீற்றர் என்றால் இடைவெளி ஏறத்தாழ அரைச் செக்கன். சைலன்ஸர் குறைப்பது இரண்டாவதை மட்டும். மருமகனுக்கு இந்த அனுபவம் இல்லை, நல்லதுதான்.

நீளத்தை எங்கிருந்து அளப்பது

குழலை மட்டும் அளந்து முடிவெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். காட்டுக்குள் கிளையில் மாட்டுவது குழலும் சைலன்ஸரும் சேர்ந்த நீளம். அவனிடம் இருந்தது முனையில் திருகி முழுதாக முன்னால் நிற்கும் வகை, 17 சென்ரிமீற்றர் கூட்டுகிறது. 20 அங்குலத்துக்கு வெட்டி அதையே பூட்டினால் 119. 16க்கு வெட்டினால் 109.

இன்னொரு வகை உண்டு. சைலன்ஸரின் பின்பாதி குழலைச் சுற்றிப் பின்னால் இறங்கும், முன்னால் 9 சென்ரிமீற்றர் போல மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். 20 அங்குலக் குழலில் இதைப் பூட்டினால் மொத்தம் 111. சைலன்ஸரே இல்லாத பழைய துவக்கு 112. பத்துச் சென்ரிமீற்றர் வெட்டி ஒன்பது கூட்டியிருக்கிறோம், பழகிய நீளம் அப்படியே கையில் நிற்கிறது. 16 அங்குலமும் நேர்ச் சைலன்ஸரும் சேர்ந்த 109ஓடு ஒப்பிட்டால் வித்தியாசம் இரண்டு சென்ரிமீற்றர். அந்த இரண்டுக்காக வாய் அமுக்கத்தை அவ்வளவு கூட்டுவது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பின்னால் இறங்கும் வகைக்கு, குழலின் வெளித்தடிப்பு அதன் துளைக்குள் அடங்கவேண்டும், மரப்பிடியில் போய் முட்டவும் கூடாது. அதை அளந்து பார்க்கச் சொன்னேன்.

பாரத்தைப் பற்றியும் ஒரு சொல். நான்கு அங்குல உருக்குக் குழல் எவ்வளவு நிறுக்கும்? 16 மில்லிமீற்றர் வெளிவிட்டம் என்று எடுத்தால் 125 கிராமுக்குக் கிட்ட. சைலன்ஸர் 400 கிராம். ஆக வெட்டியதால் பாரம் ஈடாகவில்லை. ஆனால் கைக்குத் தெரிவது பாரத்தைவிட அதன் திருப்பம். முன்கை பிடிக்கும் இடத்திலிருந்து கணக்கிட்டால், அதே சைலன்ஸரே 10 சென்ரிமீற்றர் கிட்ட வருவதாலும் குழல் துண்டு போவதாலும் முனையை இழுக்கும் திருப்பம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. பின்னால் இறங்கும் வகையில் இன்னும் குறையும். நின்று சுடுகிறவனுக்கு இது பெரிய விஷயம்.

வெட்டும் வேலை

தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஒருவரிடம் பொதுவாக, ஒரு குழாயின் முனையில் திருகுமரை வெட்டுவதுபற்றி விசாரித்தேன். "வெட்டுறது ஒரு வேலையே, நடுப்பிடிக்கிறதுதான் வேலை" என்றார். இங்கேயும் அதுதான் உயிர்நாடி. சைலன்ஸர் மரை, வழமையாக எம்14 அல்லது எம்15, சன்னம் போகும் துளையின் அச்சோடு ஒத்திருக்கவேண்டும். குழலின் வெளிப்பக்கத்தோடு ஒத்திருந்தால் போதாது, ஏனென்றால் துளை எப்போதும் வெளிப்பக்கத்துக்குச் சரிநடுவில் இருப்பதில்லை. 0.3 பாகை சரிந்தாலே 18 சென்ரிமீற்றர் தள்ளி ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் விலகிவிடும். அது சன்னம் தடுப்பில் உரசப் போதுமான விலகல். உரசினால் சைலன்ஸர் போச்சு, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநர்தான் இதைச் செய்யவேண்டும் என்பதில் பேச்சே இல்லை. வெட்டியதில் ஒரு லாபமும் உண்டு: குழல் நுனியை நோக்கி ஒடுங்கி வருவது, ஆகவே பின்னால் வெட்டினால் முனை தடிப்பாகக் கிடைக்கும், மரைக்குத் தோள் நன்றாக அமையும்.

எவ்வளவு குட்டை சட்டப்படி சரி என்பது நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 16 அங்குலத்துக்குக் கீழே போனால் றைபிள் வேறு சட்டப் பிரிவுக்குள் விழுந்துவிடும். மருமகன் வெட்டக் கொடுக்கும் முன் அங்குள்ள பொலிஸில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டான்.

நடந்தது

20 அங்குலம், பின்னால் இறங்கும் சைலன்ஸர், 165 கிறெயின் ரவை. எல்க் பருவம் செப்டெம்பர் 25இல் தொடங்குவதால் அதற்குள் வேலை முடியவேண்டியிருந்தது. முடிந்ததும் வேகமானி வைத்துச் சுட்டுப் பார்த்தான். நாங்கள் எழுதிவைத்த 795க்குச் சற்றுக் கீழே வந்தது. குளிரும் காரணமாக இருக்கலாம், அவனுடைய குழலும் காரணமாக இருக்கலாம். 2200 யூலுக்கு மேல் எக்கச்சக்கமான இடைவெளி இருப்பதால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சைலன்ஸர் பூட்டினால் சன்னம் படும் இடம் கழற்றி வைத்ததைவிடக் கீழே போகிறது என்றான். முனையில் பாரம் கூடினால் குழல் அதிரும் விதம் மாறும், ஆகையால் பூட்டியே சரிபார்த்து, பூட்டியே கொண்டு திரியவேண்டும். பெரிய விலங்கு வேட்டைக்கு அங்கே வருடாவருடம் 30 ரவை பயிற்சி சுட்டு, பிறகு 100 மீற்றரில் 5 ரவைப் பரீட்சை தேறவேண்டும். அதைப் புதிய உருவில்தான் சுட்டான்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. பின்னால் இறங்கும் வகையில் குழலுக்கும் உறைக்கும் இடையில் ஈரம் தங்குகிறது. குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் வியர்த்து, மரையில் துரு பிடிக்கப் பார்க்கிறது. வந்தவுடன் கழற்றிக் காயவைத்து எண்ணெய் தடவச் சொல்லியிருக்கிறேன். கழற்றிப் பூட்டினால் குறி மாறுமோ என்று அவனுக்குச் சந்தேகம். ஒவ்வொரு முறையும் தோள்வரை இறுக்கித் திருகினால் அதே இடத்துக்கு வருகிறதா என்று தாளில் சுட்டுப் பார்க்கும்படி சொன்னேன். 150 கிறெயின் பெட்டிகள் அலுமாரியில் இன்னும் மிச்சம். அந்தச் சோதனைக்கு அவற்றை முடிக்கட்டும். எல்க்குக்கு வேண்டாம்.